சாய்ந்த மரத்துக்கு இரண்டு வழி

சாய்ந்த மரத்தை அறுக்கக் கற்றுத்தர வேண்டும் என்று மொக்கராசு வந்து நின்றபோது, சவரி மேஸ்திரி ரம்ப மிஷினை மடியில் வைத்துக்கொண்டு சங்கிலிப் பல்லுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

வந்தவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மேஸ்திரிக்கு நாற்பத்தொன்று. அந்த மலையில் ரம்ப மிஷின் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் மேஸ்திரியிடம் தொழில் படித்தவர்கள்தான். ஆனால் நரைத்த தலையோடு அதுவரை யாரும் படிக்க வந்ததில்லை.

"உக்காருங்கண்ணே."

மொக்கராசு உட்காரவில்லை.

"எதுக்குக் கத்துக்கணும்?"

"தோட்டத்துல ஒரு மரம் சாஞ்சு நிக்குது. அதை அறுக்கணும்."

"நான் வந்து அறுத்துத் தர்றேன். நாளைக்கே வேணும்னாலும் வர்றேன்."

"இல்ல. நானே அறுக்கணும்."

மேஸ்திரி அரத்தைக் கீழே வைத்தார். எந்த மரம் என்று அவர் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த மரம் அது. மொக்கராசுவின் காபித் தோட்டத்து மேல் ஓரத்தில் இரண்டு தைலமரங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. வெளிச்சத்தைத் தேடி இரண்டுமே பள்ளத்துப் பக்கம் பயங்கரமாகச் சாய்ந்து வளர்ந்தவை. நாலு மாதத்துக்கு முன்னால் அதில் ஒன்றை அறுக்கும்போதுதான் மொக்கராசுவின் ஒரே மகன் தவசி செத்துப்போனான். பாதி அறுபட்ட மரம் நெடுக்காகப் பிளந்தது. பிளந்த பின்பாதியின் அடிப்பக்கம் பின்னால் துள்ளி எழும்பி அவன் நெஞ்சில் அடித்தது. கண்ணிமைக்கிற நேரம். தவசிக்கு இருபத்தேழு வயது. மூன்று வருடம் சவரி மேஸ்திரியிடம் வேலை பார்த்தவன்.

"காலைல எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?"

"தூங்குனாத்தான எந்திரிக்கிறதுக்கு."

மேஸ்திரி கீழே வைத்த அரத்தை மறுபடி எடுத்தார்.

"அப்ப ஆறு மணிக்கு வந்துருங்க. அருவா மட்டும் கொண்டு வாங்க, போதும்."

ஊர் சும்மா இருக்குமா? மகன் போன துக்கத்தில் மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். மரத்தின் மேல் பழி தீர்க்கப் போகிறார் என்றார்கள். இரண்டையும் மொக்கராசு காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். அதை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

முதல் பன்னிரண்டு நாள் மிஷினைத் தொடவே விடவில்லை மேஸ்திரி.

அறுக்க வேண்டிய மரத்தைக் காட்டுவார். அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்பார். பிறகு, "வழி வெட்டுங்க" என்பார்.

மரம் விழுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், நேர் பின்னால் இல்லாமல், கோணலாக இடது கைப்பக்கம் ஒன்று, வலது கைப்பக்கம் ஒன்று. உண்ணிச்செடியும் முள்ளும் கொடியும் வெட்டி, தட்டிவிடுகிற கல்லைப் புரட்டிப் போட்டு, இருபது எட்டு எடுத்து வைக்கிற தூரத்துக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். மரம் அசைந்ததும் அறுத்தவன் விலகிப் போகிற வழி அது.

மொக்கராசு வெட்டினார். மேஸ்திரி வந்து அந்த வழியில் பின்பக்கமாக நடந்து பார்த்தார். ஒரு வேர் குதிகாலில் தட்டியது.

"இதையும் எடுங்க."

"இந்தச் சின்ன வேரா?"

"மரம் வரும்போது அது பெருசாத் தெரியும்."

ஏழாம் நாள் மொக்கராசுவுக்குப் பொறுமை போய்விட்டது. அரிவாளை ஒரு கட்டையில் கொத்தி நிறுத்தினார்.

"மேஸ்திரி, நான் மரம் அறுக்க வந்தேன். புதர் வெட்டுறதுக்கு எனக்குச் சொந்தமாவே தோட்டம் இருக்கு."

"ஆமாண்ணே."

"ஒரு மரத்தை அறுக்க அரை மணி நேரம் ஆகுது. வழி வெட்ட ஒண்ணரை மணி நேரம் ஆகுது. இது எந்த ஊரு ஞாயம்?"

"அறுக்குற வேலை மரத்தோட முடிஞ்சிரும்ணே," என்றார் மேஸ்திரி. "நீங்க சாயங்காலம் வீட்டுக்குப் போகணும்ல."

மொக்கராசு அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி குனிந்தார். வீட்டுக்குப் போவது என்ற பேச்சு அவருக்கு அந்த நாட்களில் அவ்வளவு பிடித்தமானதாக இல்லை. வீட்டில் தவசியின் செருப்பு இன்னும் வாசலில்தான் கிடந்தது. எடுத்து உள்ளே வைக்க தவசியின் மனைவிக்கும் கை வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

மேஸ்திரியின் ஆட்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. மிஷின் ஓடும்போது அறுக்கிறவனிடம் யாரும் பேசக் கூடாது. சொல்லியே ஆக வேண்டும் என்றால் அவன் கண்ணில் படுகிற இடத்தில் தள்ளி நின்று கையைத் தூக்க வேண்டும். அவன் மிஷினை அணைத்த பிறகுதான் பேச்சு. காடே தீப்பிடித்தாலும் இதுதான் முறை.

அதை மொக்கராசு நேரிலேயே பார்த்தார். அப்போது வீரணன் என்றொரு இளவட்டமும் படித்துக்கொண்டிருந்தான். இருபத்து மூன்று வயது, நிதானமான கை. அவனுடைய அப்பா சந்தானம் ஒருநாள் வேலை நடக்கிற இடத்துக்கு வந்தார். நல்ல மனுஷன், வாய்தான் ஓரிடத்தில் நிற்காது. மகன் ஒரு சில்வர் ஓக்கில் மிஷினை வைத்ததும் தொடங்கிவிட்டார்.

"டேய், அந்தப் பக்கம் வாடா! இன்னும் கீழ வையி! கீழ!"

மேஸ்திரி கையைத் தூக்கினார். வீரணன் மிஷினை அணைத்தான். காடு சட்டென்று அமைதியாகிவிட்டது.

"மிஷின் ஓடும்போது இங்க யாரும் பேசுறதில்லண்ணே," என்றார் மேஸ்திரி.

"என் மகன்கிட்ட நான் பேசக் கூடாதா?"

"மிஷின் அவன் கையில இருக்கும்போது அவன் யாருக்கும் மகன் இல்ல."

"அவன் நல்லதுக்குத்தானய்யா சொல்றேன்."

"தெரியும்ணே. ரோட்டுல போய் நின்னு பாருங்க."

சந்தானம் முணுமுணுத்துக்கொண்டே ரோட்டுக்கு இறங்கினார். அந்த நேரம் மொக்கராசு தண்ணீர் குடிக்கச் செம்பைத் தூக்கியிருந்தார். பாதித் தண்ணீர் அவர் சட்டையில் கொட்டியது.  மேஸ்திரி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

பதின்மூன்றாம் நாள் மேஸ்திரி ஒரு பேனாக்கத்தியைக் கொடுத்தார்.

கட்டைவிரல் தடிமனில் நின்ற ஒரு பச்சைச் செடியின் உச்சியைப் பிடித்துக் கீழே வளைத்தார். செடி வில்லாகக் குனிந்தது. அதைக் காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இது சாஞ்ச மரம். முதுகுப் பக்கம் கத்தியை வச்சு அறுங்க."

மொக்கராசு வளைவின் வெளிப்பக்கம் கத்தியை வைத்து இழுத்தார். கால்வாசிகூட அறுபடவில்லை. டப்பென்று ஒரு சத்தம். செடி நெடுக்காகப் பிளந்து, பிளந்த துண்டு துள்ளி அவர் விரல் மொளியில் அடித்தது. தோல் கிழிந்து ரத்தம் வந்தது.

"வலிக்குதாண்ணே?"

"என்ன சுருக்குன்னு வருது!"

"நின்ன மரம் சும்மா நிக்கும். சாஞ்ச மரம் முதுகுல தன் பாரத்தையெல்லாம் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அங்க போய்க் கத்தி வச்சா அது பொறுக்காது. முழுசா அறுபடுறதுக்கு முன்னால கிழிஞ்சிரும்."

மேஸ்திரி இன்னொரு செடியை வளைத்தார்.

"சாஞ்ச பக்கத்துல சின்னதா ஒரு வாய் வெட்டுங்க. போதும், ஆழமா வேணாம், கத்தி மாட்டிக்கும். இப்ப முதுகைத் தொடாதீங்க. பக்கவாட்டுல வாங்க. கத்தி நுனியை நடுவுல குத்தி மறுபக்கம் எடுங்க. ஆங். முன்னால கொஞ்சம் விட்டுருக்கீங்கல்ல, அது கீல். கதவுக்குக் கீல் இருக்குற மாதிரி, மரம் கோணாம நேராப் படுக்க அதுதான் துணை. இப்ப நடுவுல இருந்து பின்னால அறுத்துட்டு வாங்க. நில்லுங்க! பின்னால கொஞ்சூண்டு விட்டுருங்க. அது பிடி. நீங்க வெலகி நிக்கிற வரைக்கும் அந்தப் பிடிதான் மரத்தை நிறுத்தி வைக்கும்."

"பெறகு?"

"பக்கத்துல வெலகி நின்னு, கடைசியா அந்தப் பிடியை மட்டும் அறுத்துவிடுங்க."

மொக்கராசு விலகி நின்று அறுத்தார். செடி பிளக்கவில்லை. படக்கென்று முறிந்து, வளைந்த பக்கமே குனிந்து படுத்தது. வெட்டுவாய் துடைத்த மாதிரி இருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. நாலு மாதமாகக் கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டார்.

"இது தவசிக்குத் தெரியுமா மேஸ்திரி?"

மேஸ்திரி தன் துண்டின் ஓரத்தைக் கிழித்து அவர் விரலில் சுற்றினார். முடிச்சுப் போட்டார்.

"என்கிட்டப் படிச்சவங்க பதினேழு பேருண்ணே. அவனை மாதிரி இதை யாரும் சுத்தமாச் செஞ்சதில்ல."

தெரியாது என்று மேஸ்திரி சொல்லியிருந்தால் மொக்கராசு அன்று வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரமாவது தூங்கியிருப்பார். பையனுக்குத் தொழில் பத்தவில்லை, விதி முடிந்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார். அந்த ஒரு ஆறுதலைத் தேடித்தான் அவர் தினமும் ஆறு மணிக்கு வந்து முள் வெட்டியதே. இப்போது அதுவும் போயிற்று.

அன்று இறங்கிப் போகும்போது அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தோட்டத்தில் இன்னொரு மரம் நிற்கிறது. மகன் போன மாதிரியே தானும் போய்விட வேண்டியதுதான். ஊர் அதை விபத்து என்றுதான் சொல்லும். ஆனால் மிஷினை மேஸ்திரிதான் தர வேண்டும். தொழில் தெரியாதவன் கையில் அவர் மிஷினைத் தர மாட்டார்.

அதனால் மொக்கராசு ஒழுங்காகப் படித்தார். மிஷினை இறுக்கிப் பிடிக்கப் படித்தார். சங்கிலி ஓடுகிற வாளின் நுனியில் மேல் மூலை மரத்தில் பட்டால் மிஷின் முகத்துக்குத் திரும்பும், கீழ் மூலையால்தான் தொடங்க வேண்டும் என்று படித்தார். நின்ற மரம், கோணல் மரம், லேசாகச் சாய்ந்த மரம் என்று வரிசையாக அறுத்தார். இருபத்தெட்டு நாள் ஒரு தப்பும் செய்யவில்லை. வீரணனே வந்து, "பெரியப்பா, உங்க வெட்டு எப்படி இம்புட்டு நேரா வருது?" என்று கேட்டான். மொக்கராசு சிரிக்க முயன்றார், வரவில்லை.

நாற்பத்தோராம் நாள் சாயங்காலம் மேஸ்திரி சொன்னார்.

"நாளைக்கு உங்க மரம்ணே."

மறுநாள் காலை மலை முழுக்கப் பனி மூடிக் கிடந்தது. இருவரும் தோட்டத்துக்கு ஏறினார்கள். மிஷினை மேஸ்திரி தோளில் வைத்திருந்தார்.

தவசி அறுத்த மரத்தின் மிச்சம் அங்கேயே நின்றது. அடிக்கட்டையின் மேல், இரண்டு ஆள் உயரத்துக்குப் பிளந்த பலகை ஒன்று நிமிர்ந்து நின்றது. ஐந்து மாத மழையில் கறுத்துப் போயிருந்தது. மொக்கராசு அந்தப் பக்கம் திரும்பாமல் அடுத்த மரத்திடம் போனார். இது அதைவிட மோசமாகச் சாய்ந்திருந்தது. அடியில் நின்று பார்த்தால் உச்சி பள்ளத்துக்கு மேல் தொங்கியது.

"மிஷினைக் குடுங்க மேஸ்திரி."

மேஸ்திரி கொடுத்தார். கொடுத்துவிட்டு மரத்தைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு பக்கமும் உண்ணிச்செடி இடுப்பளவுக்கு மண்டிக் கிடந்தது. அரிவாள் மொக்கராசுவின் இடுப்பில் சொருகியபடியே இருந்தது.

"தொடங்கலாமாண்ணே?"

"தொடங்கலாம்."

மேஸ்திரி முதுகுப் பக்கம் போனார். மரத்துக்கு நேர் பின்னால், முதுகிலிருந்து நாலு அடி தள்ளி, ஈர மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிளந்தால் முதல் அடி அங்கேதான் விழும்.

"மேஸ்திரி, என்ன இது? அங்க ஏன் உக்காருறீங்க?"

"நீங்க அறுங்க."

"எந்திரிங்க மேஸ்திரி."

"உங்களுக்கு வழி வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்க. எனக்கும் வேணாம்."

மொக்கராசு மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. திருடப் போன இடத்தில் கையைப் பிடித்தவன்மேல் வருகிற கோபம்.

"உங்களுக்குப் பொண்டாட்டி புள்ளைக இருக்கு."

"உங்க மருமக நேத்து எங்க வீட்டுக்கு வந்துச்சு. மாமா ராத்திரியெல்லாம் முழிச்சே உக்காந்திருக்காருன்னு சொல்லிட்டுப் போச்சு."

"எந்திரிச்சுப் போங்க! இது எனக்கும் இந்த மரத்துக்கும் உள்ள விஷயம்."

"இல்லண்ணே. மிஷின் என்னோடது."

மொக்கராசு மிஷினைக் கீழே வைத்தார். பிறகு அவரும் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.  பனி இலைகளில் சேர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு லாரி வந்து ரோட்டுல நின்னுச்சு," என்றார் மொக்கராசு. தரையைப் பார்த்துத்தான் சொன்னார். "டிரைவர் ஆரன் மேல ஆரன் அடிக்கிறான். மழை வேற கட்டிக்கிட்டு வருது. இவன் என்னடான்னா வழி வெட்டுறான், சுத்திச் சுத்திப் பாக்குறான், வாய் வெட்டுறான், மறுபடி பாக்குறான். எனக்கு எரிச்சலா வந்துச்சு."

மேஸ்திரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் மேல நின்னு கத்துனேன். சாஞ்ச மரத்துக்கு எதுக்குடா இம்புட்டு சடங்கு, முதுகுல ரெண்டு இழுப்பு இழுத்தாத் தானா விழப்போகுதுன்னு கத்துனேன். அவன் திரும்பிப் பாத்தான். வேணாம்ப்பான்னு தலையை ஆட்டுனான்."

 மொக்கராசு கீழே கிடந்த பட்டையை எடுத்துப் பிய்த்தார்.

"நான் விட்டேனா? உங்க மேஸ்திரி ஒரு பயந்தாங்கொள்ளி, உன்னையும் பயந்தாங்கொள்ளியா ஆக்கிட்டான்னேன். இத்தனை வருசமா நான் கோடாலியில வெட்டாத மரமா, அப்பன் சொல்றேன் இழுடான்னேன். அவன் ஒண்ணும் சொல்லல. முதுகுப் பக்கம் போயி நின்னான்."

 இருவருமே அந்தக் கறுத்த பலகையைப் பார்த்தார்கள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார் மேஸ்திரி.

"என்ன தெரியும்?"

"அவனைத் தூக்கிட்டுப் போன பெறகு நான் அந்தக் கட்டையைப் பாத்தேன். வாய் நான் சொல்லிக் கொடுத்த வாய். வழி நான் சொல்லிக் கொடுத்த வழி. முதுகுல இருந்த வெட்டு மட்டும் எங்க வெட்டு இல்ல."

"தெரிஞ்சுமா என்னைச் சேத்துக்கிட்டீங்க?"

"வழி வெட்டத் தெரியாம வந்தீங்க."

மொக்கராசு முகத்தை மூடிக்கொண்டார். மேஸ்திரி இடத்தை விட்டு அசையவில்லை. அவர் வேட்டி ஈரத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மொக்கராசு இடுப்பிலிருந்து அரிவாளை உருவினார்.

"ரெண்டு வெட்டணும்ணே," என்றார் மேஸ்திரி. "வலது கைப்பக்கம் புதுசா வெட்டுங்க. இடது கைப்பக்கம் ஏழெட்டு அடி வெட்டுனாப் போதும். அந்தப் பக்கம் ஏற்கனவே ஒருத்தன் வெட்டுன வழி இருக்கு. மூடிக் கெடக்கு. போய்ச் சேந்துக்குங்க."

வலது பக்கம் வெட்ட ஒரு மணி நேரம் ஆனது. பிறகு இடது பக்கம் போனார். ஏழெட்டு அடி வெட்டியதும் புதர் இளசாக மாறியது. ஐந்து மாதத்து வளர்ச்சி. அதன் அடியில் பழைய வெட்டுக் குச்சிகள் தெரிந்தன, எல்லாம் ஒரே சாய்வில், தரையோடு தரையாக. ஓரத்தில் கல்லைப் பொறுக்கி அடுக்கி வைத்திருந்தான். ஒரு சின்ன வேரைக்கூட விட்டுவைக்கவில்லை.

மொக்கராசு குனிந்து குனிந்து அந்த வழியைத் திறந்தார். வெட்டுவதும் கண்ணைத் துடைப்பதுமாக இருபது எட்டும் போனார். பிறகு பின்பக்கமாக நடந்து பார்த்தார். எங்கும் தட்டவில்லை.

மேஸ்திரி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். வலது கைப்பக்கத்து வழியில் ஏறி, மரத்தின் நீளத்துக்கு இரண்டு மடங்கு தள்ளிப் போய் நின்றார்.

மொக்கராசு மிஷினைத் தரையில் வைத்து, காலால் மிதித்துப் பிடித்துக் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் பிடித்தது.

அண்ணாந்து பார்த்தார். உச்சியில் காய்ந்த கிளை ஏதும் தொங்கவில்லை. சாய்ந்த பக்கம் சின்னதாக ஒரு வாய் வெட்டினார். பக்கவாட்டில் வந்தார். நுனியின் கீழ் மூலையால் தொட்டு, பள்ளம் விழுந்ததும் நேராக உள்ளே குத்தினார். தூள் ஈரமாக வந்து காலில் கொட்டியது. முன்னால் கீலை விட்டார். நடுவிலிருந்து மெல்லப் பின்னால் அறுத்துக்கொண்டு வந்தார். பின்னால் பிடியை விட்டார். வாளை வெளியே எடுத்தார்.

மரம் நின்றது. அத்தனை பாரமும் இப்போது ஒரு சாண் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அடிமரத்துக்குள் எங்கோ மெல்ல முனகுகிற சத்தம் கேட்டது.

முதுகுப் பக்கம் இரண்டு எட்டு எடுத்து வைத்தால் போதும். அந்த இடத்தை அவர் பார்த்தார். மேலே ஏறிட்டு மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி வாய் திறக்கவில்லை, கையையும் தூக்கவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மொக்கராசு இடது பக்கம் விலகி நின்று கையை நீட்டிப் பிடியை அறுத்துவிட்டார்.

படீரென்று ஒரே சத்தம். அவர் மேலே பார்த்தபடி, ஓடாமல், தவசி வெட்டிய வழியில் பின்பக்கமாக நடந்தார். மரம் பிளக்கவில்லை. கீலில் திரும்பி, முழுசாகப் பள்ளத்துப் பக்கம் போய்ப் படுத்தது. தரை அதிர்ந்தது. மேலிருந்து இலையும் பட்டையும் வெகுநேரம் உதிர்ந்துகொண்டிருந்தன.

மேஸ்திரி இறங்கி வந்தார்.

"மேஸ்திரி..." என்று தொடங்கினார் மொக்கராசு.

மேஸ்திரி கையைத் தூக்கினார். அப்போதுதான் மொக்கராசுவுக்கு மிஷின் இன்னும் கையில் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. அணைத்தார். பள்ளத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"இப்பச் சொல்லுங்க."

"அன்னைக்கு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா, அவன் இந்த வழியில நடந்து வந்திருப்பானா?"

இதற்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எல்லாம் விதி என்று ஊரில் எல்லாரும் ஐந்து மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வந்திருப்பான்," என்றார் மேஸ்திரி.

மொக்கராசு கல் அடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மகனை எரித்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. மேஸ்திரி தடுக்கவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. மிஷினை வாங்கித் துடைத்து, வாளுக்கு உறை மாட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பனி விலகி ரோடு தெரிய ஆரம்பித்தபோது மொக்கராசு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப நான் இனிமே என்ன செய்யட்டும் மேஸ்திரி?"

மேஸ்திரி எழுந்து மிஷினைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"நாளைக்கு மேல்காட்டுல வீரணன் முதல் தடவையாச் சாஞ்ச மரம் அறுக்குறான். சந்தானம் வந்து பாக்குறேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு. வரச் சொல்லிட்டேன்."

இரண்டு எட்டு நடந்து திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சந்தானத்துக்குப் பக்கத்துல நில்லுங்கண்ணே."